தவளைக்குக் கீழே ஒரு சல்லடை

அந்த அம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் தேடி வந்து, "பாய், உங்களுக்கு வேற சோலியே இல்லையா?" என்று கேட்பார். காரைக்குடியில் எல்லாரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கன்னியாஸ்திரீ என்று நினைத்துவிட வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பம்தான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போகிறவர்தான். ஆனால் அந்தப் பட்டம் மாதா கோயில் கொடுத்ததல்ல, ஆஸ்பத்திரி கொடுத்தது. குவைத்தில் நர்ஸாக இருந்தவர். சண்டை வந்தபோது ஒரே ஒரு பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார்.

வந்தவர் கொஞ்ச காலம் சும்மா இருந்தார். பிறகு என் ஸ்டூடியோவை ஒட்டியிருந்த பெரிய வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதியாக்கினார். வீடு ஒரு நகரத்தார் குடும்பத்துடையது. அவர்கள் எல்லாரும் சென்னையில். வீட்டு ஆச்சி வருஷத்தில் ஒரு நாள் வந்து, பூட்டைத் திறந்து, சாமி வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் வௌவால்கள் குடியிருந்தன. செட்டிநாட்டுக்கு வீடு பார்ப்பதற்காகவே ஆட்கள் வருவார்கள் என்று அப்போது யாராவது சொன்னால் நாங்கள் சிரிப்போம். "வீட்டப் பாக்கவா வருவாக? அவுக ஊர்ல வீடு இல்லையாக்கும்?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

ஆனாலும் பக்கத்து வீடு அல்லவா. உதவ வேண்டும் என்று ஆசை. நான் எடுத்த படங்களில் பொறுக்கிப் பொறுக்கி ஒரு ஆல்பம் செய்து எடுத்துக்கொண்டு போனேன். சாயங்கால வெயிலில் கோபுரம் மாதிரி நிற்கும் வாசல் நிலை, பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்தில் வெளிச்சம் பார்த்துப் படம் எடுக்க என்னை விட்டால் ஆள் இல்லை. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

"சிஸ்டர், இத வச்சு ஒரு நோட்டீஸ் அடிப்போம். மெட்ராஸ், மதுரை எல்லாம் அனுப்புவோம்" என்றேன்.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நின்று நிதானமாகப் பார்த்தார். பிறகு மூடி என்னிடமே கொடுத்தார்.

"படம் ரொம்ப நல்லா இருக்கு பாய். வீடு இம்புட்டு அழகா இருக்காதே. இதப் பாத்துட்டு வாரவுக இதத் தேடுவாக. நான் எங்குட்டுப் போயி எடுத்துக் குடுக்க?"

"பின்ன எப்படித்தான் ஆள் வரும்?"

"தங்கிட்டுப் போறவுக சொல்லட்டும். நான் சொன்னா விளம்பரம். அவுக சொன்னா சாட்சி."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை.

அவர் செய்தது இதுதான். அறையைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்களிடம் விடுதி முகவரி ரப்பர் ஸ்டாம்பில் குத்திய காலிக் கவர் ஒன்றைக் கொடுப்பார். "ஊருக்குப் போய் ரோலைக் கழுவினதும் இங்க எடுத்ததுல ஒரு படம் அனுப்புங்க. அழகா இருக்கிறது வேண்டாம். உங்களுக்கு மறக்காதது எதுவோ அது. பின்னாடி மனசுல பட்டத எழுதுங்க." இங்கிலீஷில் சொல்வார், அரபியில் சொல்வார். திருநெல்வேலியிலிருந்து வந்த பேங்க் கிளார்க் குடும்பத்துக்கும் இதே கவர்தான், இதே பேச்சுதான்.

யார் அனுப்புவார்கள் என்று நான் நினைத்தேன். அனுப்பினார்கள். தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே வெளிநாட்டு ஸ்டாம்ப் தெரியும். ஆனால் வந்த படங்களைப் பார்க்க வேண்டுமே! பர்மா தேக்கை ஒருவரும் சட்டை செய்யவில்லை. ஒரு ஜெர்மன்காரப் பாட்டியம்மா தரையை எடுத்திருந்தார், அதில் அவருடைய இரண்டு வெறுங்கால்கள். பிரெஞ்சுக்காரர் ஒருவர், சமையல்கார பாக்கியத்தம்மாள் இடியாப்பம் பிழிகிற கையை மட்டும் எடுத்திருந்தார். பேங்க் கிளார்க்கின் மகள், அடுப்படி வாசலில் முறைவைத்து உட்கார்ந்திருக்கும் காக்கைகளை எடுத்து அனுப்பியிருந்தாள். பாதிப் படத்தில் வெளிச்சம் சரியில்லை. பாதியில் நேர்கோடே இல்லை.

முட்டை வெள்ளைக்கரு போட்டு மெழுகிய அந்தச் சுவரில் ஆணி அடித்தால் ஆச்சி உயிரை எடுத்துவிடுவார். அதனால் முகப்பில் நீளமான பலகைகளைச் சாத்தி, பச்சைத் துணி போர்த்தி, அதில் குண்டூசியால் படங்களைக் குத்தினார் சிஸ்டர். நாங்கள் அதைச் சுவர் என்றே சொன்னோம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, பின்பக்கம் எழுதியிருந்ததைத் தமிழில் எழுதி ஒட்டுவார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். தபால்காரர், காய்கறிக்காரம்மா, ஆட்டோ ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வந்து பேப்பர் படிப்பது மாதிரி நின்று படிப்பார்கள்.

ஒரு நாள் ஆட்டோக்காரர் ஒருவர் அங்கே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நேமத்தான்பட்டியில் பெரிய வீடுகளைக் காட்டக் கூட்டிப்போனவர் அவர்தான். படத்தில் அவரும் ஆட்டோவும் ஒரு புளியமரத்தடியில். கீழே எழுதியிருந்தது: 'இவருக்கு வழி தெரியாது. தெரியும் என்றார். மரம் நன்றாக இருந்தது.'

"என் மானம் போகுது சிஸ்டர். மொதல்ல அத எடுங்க."

"அவுக சொன்னது பொய்யா?"

"பொய்யில்ல. ஆனா..."

"அப்ப அது அங்கனயே இருக்கட்டும். வழியக் கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. அடுத்த ஆளை ஒழுங்காக் கூட்டிட்டுப் போங்க. அவுக படம் அனுப்புனா அதையும் பக்கத்துல குத்துறேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். சில மாதத்தில் அதே ஆட்டோ, அதே சிரிப்பு, வேறு வீட்டு வாசலில் நிற்கிற படம் வந்தது. 'இவர் காட்டாத வீடே இல்லை' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர் ஏற்றி வருகிற ஒவ்வொருவரையும் நேரே அந்தப் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். பக்கத்தில் இருக்கும் புளியமரத்தையும் அவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிக்கப் பழகிக்கொண்டார்.

தவளை வந்தது அதற்குப் பிறகு. ஹாலந்து தேசத்துப் பையன் ஒருவன், கம்ப்யூட்டர் படிக்கிறவன், மழைக்காலத்தில் வந்து பின்கட்டு அறையில் தங்கினான். ஊருக்குப் போய் அவன் அனுப்பிய படத்தில் குளியலறைச் செம்பின் விளிம்பில் ஒரு பச்சைத் தவளை, வீட்டுக்குச் சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது. பின்னால் எழுதியிருந்தான்: 'என் அறையில் இன்னொருவரும் தங்கியிருந்தார். அவர் வாடகை கொடுக்கவில்லை.'

பாக்கியத்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "இதப் போயி வாசல்ல குத்துவீகளா? நாளைக்கு எவன் வந்து குளிப்பான்?"

சிஸ்டர் அதை நட்டநடுவில் குத்தினார். மறுநாளே ஆள் வரவழைத்து, தண்ணீர் போகிற ஓட்டைக்குப் பித்தளைச் சல்லடை போடவைத்தார். போட்டு முடித்ததும் என் கடைக்கு வந்தார்.

"பாய், கேமராவ எடுத்துட்டு வாங்க. ஒரு படம் எடுக்கணும்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கடைசியில் நம் அருமை தெரிந்துவிட்டது என்று நல்ல லென்ஸாகப் பார்த்து மாட்டிக்கொண்டு போனேன். குளியலறைக்குக் கூட்டிப்போய்ச் சல்லடையைக் காட்டினார். அந்த வட்டாரத்திலேயே வெளிச்சம் தெரிந்த ஒரே ஆள், நான், ஈரத் தரையில் குப்புறப் படுத்து ஒரு சாக்கடை ஓட்டையைப் படம் எடுத்தேன். அது தவளைக்குக் கீழே ஏறியது. அதன் அடியில் தன் கையெழுத்தில் 'சரி செய்யப்பட்டது' என்று எழுதினார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஒழுகுகிற குழாய் என்று படம் வந்தால் ஒழுகாத குழாயை நான் எடுப்பேன். கொசுவலையில் ஓட்டை என்று வந்தால் தைத்த இடத்தை எடுப்பேன். ஒவ்வொன்றின் அடியிலும் அதே இரண்டு வார்த்தைகள். கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் ஆட்கள், "என்ன பாய், இன்னைக்குக் குழாயா, கக்கூஸா?" என்று கேட்பார்கள்.

"சிஸ்டர், குறைய எதுக்கு ஊருக்குக் காட்டணும்? சரி பண்ணியாச்சுல்ல, எடுத்துற வேண்டியதுதான்" என்று ஒருமுறை சொன்னேன்.

"பாய், வார்டுல ஒருத்தருக்கு நூத்தி மூணு காய்ச்சல். டாக்டர் வாராருன்னு நான் சார்ட்ல தொண்ணூத்தெட்டுன்னு போட்டா அவருக்கு என்ன ஆகும்? காய்ச்சல் ஏறுனதும் தெரியணும், எறங்குனதும் தெரியணும். அப்பத்தான் பாக்குறவுகளுக்கு நம்பிக்கை வரும்."

இத்தனை படம் இருக்கிற சுவரில் அவர் மட்டும் இல்லை. யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், கதவுக்குப் பின்னால் போய்விடுவார், அல்லது பாக்கியத்தம்மாளை இழுத்து முன்னால் நிறுத்துவார். தன்னை எடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரம்மாவின் தோளைப் பிடித்து அப்படியே முற்றத்துப் பக்கம் திருப்பிவிட்டதை நானே பார்த்திருக்கிறேன். கேட்டால், "என் மூஞ்சியப் பாக்கவா அம்புட்டுத் தூரத்துலருந்து வந்தாக?" என்பார்.

விடுதி ஓடியதா என்றால், ஓடியது, நடந்தது, சில மாதம் தவழ்ந்தது. அந்தச் சமயத்தில்தான் ஊரில் பழைய வீடுகளைப் பிரிக்கிற வேலை மும்முரமாக நடந்தது. தூணுக்கு ஒரு வியாபாரி, கதவுக்கு ஒரு வியாபாரி. காலையில் வீடாக இருந்தது சாயங்காலம் லாரியில் போகும். சிஸ்டரின் விடுதிக்கும் வந்து தூணைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். சென்னையிலிருந்து ஆச்சி போனில் பேசினார். வீட்டைப் பிரிக்கச் சொல்லி அவருடைய பிள்ளைகள் நெருக்குகிறார்கள். இந்த வருஷம் அறைகள் நிறைந்து ஓடினால் அதைக் காட்டிப் பிள்ளைகளிடம் பேசலாம், இல்லாவிட்டால் சித்திரையில் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆச்சிக்கும் வருத்தம்தான் என்று சிஸ்டர் சொன்னார்.

"சாவியக் குடுத்துட்டு நீங்க என்ன செய்வீக?"

"என்ன செய்ய? திரும்பக் கப்பலேற வேண்டியதுதான். நாப்பத்தஞ்சு வயசுல நைட் ட்யூட்டி."

அந்த ஐப்பசியில் சென்னையிலிருந்து சுற்றுலா ஏஜென்சிக்காரர் ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. அவருக்கு வீடு பிடித்துவிட்டால் சீசன் முழுக்க பஸ் பஸ்ஸாக ஆட்களை அனுப்புவார். தை வரைக்கும் ஒரு அறை காலியிருக்காது. பாக்கியத்தம்மாள் பரபரப்பாக என் கடைக்கு வந்தார். "பெரிசா நாலு படம் குடுங்க பாய். முகப்புல வைக்கணும்." நான் பூரித்துப்போய், சட்டம் போட்ட படங்களாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். சிஸ்டர்தான் சொல்லியனுப்பினார் என்று நினைத்தேன். சிஸ்டரோ ஏஜென்சிக்காரரை அழைத்துவர ரயிலடிக்குப் போயிருந்தார்.

அவர்கள் வந்து இறங்கியபோது நானும் வாசலில் நின்றேன். சுவரில் தவளையைக் காணோம், சல்லடையைக் காணோம், புளியமரம், குழாய், கொசுவலை ஒன்றுமே இல்லை. அந்த இடமெல்லாம் என் படங்கள் பளபளவென்று நின்றன. ஏஜென்சிக்காரர் வாயைப் பிளந்து பார்த்தார். "சூப்பர் மேடம், இதான் வேணும். இதையே புரோஷர்ல போட்டுக்கலாம்" என்றார். என் மனசு எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள்.

சிஸ்டர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். "பாக்கியம், மத்த படமெல்லாம் எங்க?"

பாக்கியத்தம்மாள் முந்தானையை முறுக்கிக்கொண்டு வந்தார். பொண்ணு பார்க்க ஆள் வரும்போது எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் செய்வதைத்தான் அவர் செய்திருந்தார். "சம்பந்தம் பேச வாரவுக முன்னாடி கிழிஞ்ச துணியக் கொடியில தொங்கவிடுவாகளா சிஸ்டர்? அரிசிப் பானைக்குப் பின்னாடி பத்திரமாத்தான் வச்சிருக்கேன்."

"எடுத்துட்டு வா."

திட்டவில்லை. ஏஜென்சிக்காரருக்கு நாற்காலி போட்டார், காபி கொடுத்தார், அவர் குடிக்கும்போதே என் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மரியாதையாக என் கையில் கொடுத்தார். பிறகு குண்டூசி டப்பாவைத் திறந்து, தவளையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் குத்தினார். அந்த மனிதர் காபி டம்ளரோடு எழுந்து வந்து படித்தார். முகம் மாறியது.

"மேடம், இதெல்லாம் வாசல்ல இருந்தா என் கஸ்டமர் பயந்துடுவாங்க. நல்லா எழுதினவங்களை மட்டும் வையுங்க. மத்ததை எடுத்துட்டீங்கன்னா நாளைக்கே அக்ரிமென்ட் போட்டுக்கலாம்."

"அது அவுக அனுப்புனது சார். என்னை நம்பி அனுப்புனாக. எடுக்க எனக்கு உரிமை இல்ல."

"உங்க வீடுதானே மேடம்?"

"வீடு ஆச்சியோடது. நடத்துறது நான். பேச்சு அவுகளோடது."

ஏஜென்சிக்காரர் மதியச் சாப்பாட்டை நன்றாகச் சாப்பிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிப் போனார். பஸ் எதுவும் வரவில்லை. நான் சிஸ்டரிடம் நேராகவே கோபப்பட்டேன். "ஒரு தவளைக்காக வீட்டையே விடுவாகளா?" என்று கேட்டேன். அவர் குண்டூசி டப்பாவை எடுத்து உள்ளே வைத்தார். பாக்கியத்தம்மாளோ அடுப்படியில் அழுதுகொண்டே வெங்காயம் உரித்தார்.

கார்த்திகை போனது, மார்கழி போனது. நாட்டரசன்கோட்டைக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம், வழி தவறிய இரண்டு மாணவர்கள், அவ்வளவுதான். பொங்கல் முடிந்த வாரம் சிஸ்டர் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பாஸ்போர்ட் சைஸ் வேணும் பாய்."

பின்னால் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டேன். அவரைக் கேமராவுக்கு முன்னால் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கண்ணைச் சிமிட்டாமல், எங்கேயோ போய்விட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார். எத்தனையோ பேரை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஸ்டூல் அது. படம் ரெடி, வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல மனசில்லாமல் இரண்டு முறை சாக்குச் சொன்னேன்.

அந்த மாசியில் ஒரு மத்தியானம், முதுகில் மூட்டை கட்டிய ஒரு ஜோடி என் கடை வாசலில் நின்றது. பெண் ஒரு காகிதத்தை நீட்டினாள். கம்ப்யூட்டரில் அடித்த காகிதம். அதன் நடுவில், கறுப்பு வெள்ளையில், மங்கலாக, செம்பின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது அந்தத் தவளை. அதற்குக் கீழே என் சல்லடை.

அவர்களைப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சிஸ்டர் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு எனக்குச் சொன்னார். ஹாலந்துப் பையன் இடையில் மறுபடி ஒருமுறை வந்து தங்கியபோது, தன் தவளைக்குக் கீழே சல்லடை ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்து அதில் போட்டிருக்கிறான். 'இந்தியாவில் ஒரு வீடு இருக்கிறது. நீங்கள் குறை சொன்னால் வாசலில் ஒட்டுவார்கள். பிறகு சரி செய்வார்கள்.' இவ்வளவுதான் எழுதியிருந்தான். இங்கே தங்கிப்போன மற்றவர்கள் ஒவ்வொருவராக அதைக் கண்டுபிடித்து, தங்கள் படத்தையும் பேச்சையும் அவனுக்கு அனுப்ப, பக்கம் நீண்டுகொண்டே போயிருக்கிறது.

வந்த பெண் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். சிஸ்டர் சிரித்தே விட்டார். "தவளை ரூம் காலியா இருக்கான்னு கேக்குறா பாய்."

அதன் பிறகு காகிதத்தோடு வந்துகொண்டே இருந்தார்கள். பங்குனியில், எங்கள் ஊர் வெயிலில், வெள்ளைக்காரர்கள் அறை இல்லாமல் முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தார்கள். சித்திரையில் ஆச்சி சாவி வாங்க வரவில்லை. தன் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, நிறைந்து கிடந்த வீட்டைக் காட்டினார். "பாத்துக்கப்பா. உங்க ஐயா கட்டுன தூண இவுகளெல்லாம் கட்டிப் பிடிச்சு நிக்கிறாக. நீ லாரியில ஏத்தணுங்கிற" என்றார். குத்தகை இன்னும் நீளமாகப் போடப்பட்டது. தூணைத் தட்டிப் பார்த்த வியாபாரிகள் வேறு தெருவுக்குப் போனார்கள்.

காரைக்குடியில் முதல் பிரவுசிங் சென்டர் திறந்தபோது நானும் சிஸ்டரும் அந்தப் பக்கத்தைப் பார்க்கப் போனோம். அந்தக் காலத்தில் படம் ஒரேயடியாக வராது. மேலிருந்து ஒரு வரி, ஒரு வரியாக இறங்கும். முதலில் சுவர் வந்தது. ரொம்ப நேரம் சுவர்தான். பிறகு இரண்டு முட்டைக் கண்கள் இறங்கி வந்தன. கடைப் பையன் பதறி, "மேடம், வேற எதோ ஓப்பன் ஆகுது, மூடிரவா?" என்று கேட்டான். "இருப்பா, அது எங்க ஆளுதான்" என்றார் சிஸ்டர். எனக்கு நெஞ்சு விம்மியது. குப்புறப் படுத்து நான் எடுத்த சாக்கடைச் சல்லடையை உலகமே பார்க்கிறது. கோபுர வாசலை வைத்து நான் நோட்டீஸ் அடித்திருந்தால் தேவகோட்டை தாண்டியிருக்காது.

அவர் பெருமைப்பட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் கீழே கீழே தள்ளிப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, கடைப் பையனிடம் பேனா வாங்கி உள்ளங்கையில் குறித்தார். "காபியில சீனி சாஸ்தின்னு நாலஞ்சு பேரு சொல்லியிருக்காக பாய். நேர்ல ஒருத்தரும் சொல்லலையே" என்றார். மறுநாளிலிருந்து சீனி தனிக் கிண்ணத்தில் வந்தது. அந்தக் கிண்ணத்தையும் நான்தான் படம் எடுத்தேன்.

இன்னொரு கூத்து. இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவர் கவரில் அனுப்பிய படம், வெறும் குளியலறைச் செம்பு. பின்னால், 'மூன்று நாள் காத்திருந்தேன். தவளை வரவில்லை.' பாக்கியத்தம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். "இத எப்படிச் சரி பண்ணுவீக சிஸ்டர்? சல்லடையப் பிடுங்குவீகளா?" சிஸ்டர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு பின்கட்டில் மாதுளைச் செடிக்குப் பக்கத்தில், சும்மா கிடந்த கல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஆகாயத்தாமரை விட்டார். அடுத்த மழைக்குத் தவளைகள் தாங்களாகவே வந்து சேர்ந்தன. சரி செய்யப்பட்டது.

இப்போது என் மகன் நடத்துகிற ஹோட்டலில் விருந்தாளிகள் போனில் படம் போட்டு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். யாராவது ஒரு நட்சத்திரம் குறைத்தால் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை. அதை எப்படி அழிப்பது என்று யாரையாவது பிடித்துக் கேட்டுக்கொண்டிருப்பான். நான் அவனிடம் சிஸ்டரைப் பற்றித்தான் பேசுவேன். அவன் கேட்டும் கேட்காத மாதிரி இருப்பான். போகட்டும். குண்டூசியும் கவரும் வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளை அன்றைக்கே செய்து காட்டிய காரியம் இது என்று நினைக்கும்போது எனக்குக் காலர் தானாகத் தூக்கிக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. என் மகள் நிக்காஹ் வந்தது. மலேசியாவிலிருந்து சொந்தங்கள் வந்து வீடு நிறைந்து, எனக்குப் படுக்க இடமில்லை. சிஸ்டரிடம் ஒரு அறை கேட்டேன். வாடகை வேண்டாம் என்றார். வாடகை கொடுக்காதவர் தவளை ஒருத்தர்தான் என்று சொல்லிக் கட்டாயமாகக் கொடுத்தேன். காலி செய்து கிளம்பும்போது அவர் சிரித்துக்கொண்டே ஒரு கவரை நீட்டினார்.

"வாடகை குடுத்தா விருந்தாளிதான். இந்தாங்க பாய், மறக்காதது ஒண்ணு அனுப்புங்க."

அத்தனை வருஷமாக அந்தச் சுவருக்கு நான் குழாயும் சல்லடையும்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். விருந்தாளியாக ஒரு படமும் இல்லை. நன்றாக யோசித்தேன். பிறகு ஒரு காலை வெயிலில் போய், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் தெரிகிற மாதிரி, அந்தச் சுவரையே எடுத்தேன். கழுவிப் போட்டு, பின்பக்கம் எழுதி, பக்கத்துக் கதவுதான் என்றாலும் ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் சேர்த்தேன்.

தபால்காரர் கொண்டுபோய்க் கொடுத்த அன்று சிஸ்டர் என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஆனால் படத்தைக் குத்திவிட்டார். அவரால் குத்தாமல் இருக்க முடியாது. அதன் கீழே, கூட்டாமல் குறைக்காமல், நான் எழுதியதைத் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார்: 'இந்தச் சுவரில் எல்லாரும் இருக்கிறார்கள். வீட்டை நடத்துகிறவர் மட்டும் இல்லை. இது பெரிய குறை.'

மூன்றாம் நாள் கடை வாசலில் வந்து நின்றார்.

"என்ன பாய், பழிவாங்குறீகளா?"

"குறையச் சொன்னேன் சிஸ்டர். சரி பண்றதும் பண்ணாததும் உங்க பாடு."

அவர் உள்ளே கிடந்த ஸ்டூலைப் பார்த்தார். "அன்னைக்கு எடுத்தீகளே, பாஸ்போர்ட் படம். அது உங்ககிட்டதான கெடக்கு? அதையே ஒட்டிருவோம்."

"அது போறவுக படம் சிஸ்டர். எனக்கு இருக்கிறவுக படம் வேணும்."

சிஸ்டர் படியிறங்கி முன்னால் நடந்து போனார். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பாக்கியத்தம்மாள் மாவுக் கையோடு ஓடிவந்து அவருக்குத் தலையைச் சரி செய்யப் பார்த்தார், வேண்டாம் என்று தள்ளிவிட்டார். சுவருக்கு முன்னால் போய் நின்றார். கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. பழக்கத்தில் குண்டூசி டப்பாவை எடுத்துக்கொண்டார். நேராக என்னைப் பார்த்தார். வெளிச்சம் முற்றத்திலிருந்து வந்தது. நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான். இதையும் வெட்கமில்லாமல் சொல்வேன்.

மறுநாள் அது என் படத்துக்குக் கீழே ஏறியது. காய்கறிக்காரம்மா, தபால்காரர், ஆட்டோக்காரர் எல்லாரும் சுற்றி நின்றார்கள். சிஸ்டர் பேனாவைத் திறந்தார், மூடினார், என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு குனிந்து, தன் முகத்துக்கு அடியில், சரி செய்யப்பட்டது என்று எழுதினார்.